ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தும் ஒருவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நரம்புத் தொகுதிப் பாடம் வந்தால் போதும், பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுத் தங்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பெற்றார் கூட்டத்துக்கு வரும் அம்மாமாரும் போகிற போக்கில் வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றிய பகுதியை வைத்து நீங்களாக எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். டொக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

தங்கச்சிக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும் எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்குது. நான் தைரியம் கெட்டவளா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணம்தான் எங்கள் ஆட்களைக் கிளினிக் பக்கம் போகவிடாமல் வைத்திருக்கிறது. ஒரே நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் குளவி கலைந்து கொட்டுகிறது என்று வையுங்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு, வீக்கம் வற்றியதும் வழக்கம்போல் பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போய்விடுவார். மற்றவருக்கு மாதக்கணக்காகியும் அந்த மலையில் கால் வைத்தாலே வியர்த்துக் கொட்டும், ஒரு ஈ பறந்தாலும் கூடையைப் போட்டுவிட்டு ஓடத் தோன்றும். இரண்டு பேரும் பட்ட வலி ஏறக்குறைய ஒன்றுதான். ஆபத்தை மூளை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, எவ்வளவு ஆழமாகப் பதித்து வைக்கிறது, ஆபத்து போன பிறகு எவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த வேறுபாட்டை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.

அந்த நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது?

காதுக்கு நேராக உள்ளே ஆழத்தில், இரண்டு பக்கமும், அமிக்டலா என்ற சிறிய நரம்புக் கலத் திரள் இருக்கிறது. ஆபத்து என்று அதற்குப் பட்டால், நாம் யோசித்து முடிப்பதற்குள்ளேயே செய்தியை அனுப்பிவிடும். மூளைத் தண்டிலிருந்து நோர்அட்ரினலின் பாய்ந்து மூளை முழுவதையும் உஷாராக்கும், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடும், இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றைக் கலக்கும். சில நிமிடங்கள் கழித்து கோர்ட்டிசோல் என்ற ஓமோன் வந்து சேரும், அது நீண்ட நேரம் நிற்கும். இன்னொரு பக்கம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி "இது வெறும் ஈதான்" என்று கணக்குப் பார்த்து அமிக்டலாவை அடக்கும். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஒருவருக்கு அமிக்டலா சட்டென்று கிளம்பும், இன்னொருவருக்கு அது சாதாரணமாக இருந்தும் அடக்கும் பகுதி மெதுவாக வேலை செய்யும், வேறொருவருக்குக் கோர்ட்டிசோல் இறங்க நேரம் எடுக்கும். வெளியில் பார்த்தால் மூன்று பேரும் "பயந்த சுபாவம்".

காபா என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

மூளையில் குளூட்டமேட் என்ற பொருள் நரம்புக் கலங்களைக் கிளப்பிவிடும், காபா அவற்றை அமர்த்தும். கினிகத்தேனைப் பக்கம் வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் பிரேக் எப்படியோ, மூளைக்குக் காபா அப்படி. பிரேக் கொஞ்சம் தளர்ந்த பஸ்ஸும் ஓடும்தான், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் உள்ளே இருப்பவர்களுக்கு உயிர் போய் வரும். கலத்தின் மேல் காபா வந்து ஒட்டும் இடத்தை வாங்கி என்கிறோம். இந்த வாங்கிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1963இல் சந்தைக்கு வந்த டயசிப்பாம் இந்த வாங்கியில்தான் போய் ஒட்டுகிறது, காபாவின் வேலையைக் கூட்டுகிறது, அதனால்தான் அரை மணி நேரத்திலேயே உடம்பு தளர்ந்த மாதிரி இருக்கிறது.

மாதவிடாய்க்கு முன்னாலும் பிள்ளை பிறந்த பிறகும் எனக்குப் பதற்றம் கூடுகிறது. கற்பனையா?

கற்பனை இல்லை, இதற்கும் மேலே சொன்ன காபாவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் உடைந்து அலோபிரெக்னனலோன் என்ற பொருள் உண்டாகும், அது காபா வாங்கியில் ஒட்டி மூளையை அமைதிப்படுத்தும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் அது இறங்கும். கர்ப்ப காலத்தில் பல மடங்கு ஏறியிருந்தது பிரசவத்துக்குப் பிறகு ஓரிரு நாளில் தடாலென்று விழும். அந்த விழுகையைச் சில பெண்களின் மூளை தாங்கிக்கொள்கிறது, சிலருடையது தாங்குவதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கென்று 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தே இந்தப் பொருள்தான். பதற்றக் கோளாறுகள் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகின்றன, அதற்கு ஓமோன்களும் ஒரு காரணம். விடியற்காலையில் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) என்ற கவலையோடு மலைக்கு ஏறும் வாழ்க்கையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளை பெற்ற வீட்டில் தாய் தூங்காமல், காரணமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தால் "பச்சை உடம்பு, சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

செரட்டோனின் குறைந்தால்தான் பதற்றம் வருமாமே?

அப்படிச் சொல்வது அளவுக்கு மீறிய எளிமை. செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளுக்குப் பதற்றத்தில் பங்கு உண்டு, அதில் சந்தேகமில்லை, ஆனால் "உங்களுக்கு இத்தனை குறைவு, ஆகவே இந்த நோய்" என்று அளந்து சொல்லும் சோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. உடம்பின் செரட்டோனினில் 90 வீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது, இரத்தத்தில் அளந்து மூளையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. யாராவது அப்படி ஒரு சோதனைக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அம்மாவும் இப்படித்தான், அம்மம்மாவும் இப்படித்தான். பரம்பரையா?

பாதிக்கும் குறைவாகப் பரம்பரை என்று சொல்லலாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், பதற்றக் கோளாறுகளில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 30 முதல் 50 வீதம் வரை பரம்பரையலகுகளால் (ஜீன்களால்) வருகிறது. இது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் ஒருத்தியின் பயத்தில் இத்தனை வீதம் அம்மாவிடமிருந்து வந்தது என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது.

எந்தப் பரம்பரையலகு என்று கேட்டால்தான் விஷயம் சிக்கலாகிறது. செரட்டோனினை நரம்புக் கலத்துக்குள் திரும்ப இழுக்கும் புரதத்துக்கு ஒரு பரம்பரையலகு உண்டு, அதன் ஒரு பகுதி சிலருக்குக் குட்டையாகவும் சிலருக்கு நீளமாகவும் இருக்கும். குட்டை வடிவம் உள்ளவர்களுக்குப் பதற்றச் சுபாவம் கொஞ்சம் அதிகம் என்று 1996இல் ஓர் ஆய்வு வந்தது, உலகமே அதைப் "பதற்றப் பரம்பரையலகு" என்று கொண்டாடியது. ஆனால் அந்த ஆய்விலேயே அது விளக்கியது மொத்த வேறுபாட்டில் 3 முதல் 4 வீதம் மட்டும்தான்! பிறகு ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துப் பார்த்தபோது அந்தச் சிறு தொடர்பும் பல இடங்களில் நிற்கவில்லை. இன்று தெரிவது இதுதான்: மிக மிகச் சிறிய விளைவுள்ள ஏராளமான பரம்பரையலகு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்து பதற்றத்தின் பக்கம் ஒருவருக்கு இருக்கும் சாய்வைத் தீர்மானிக்கின்றன. "எங்கள் குடும்பத்து இரத்தமே இப்படி" என்று கல்யாணப் பேச்சில் பெண்ணைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு இந்த விஞ்ஞானத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

பயமே இல்லாத மனிதர்கள் உண்டா?

ஏறக்குறைய உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் அபூர்வ நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்ணை அமெரிக்காவில் பல வருடங்களாக ஆராய்ந்தார்கள். பாம்பைக் கண்டாலும் சிலந்தியைக் கண்டாலும் அவருக்குப் பயம் வரவில்லை, கத்தியைக் காட்டி மிரட்டப்பட்டபோதும் வரவில்லை. அமிக்டலா இல்லையென்றால் பயமே இல்லை என்று முடிவு கட்டியிருந்த நேரத்தில், 2013இல் அவருக்கும் அதே பாதிப்புள்ள இன்னும் இருவருக்கும் காபனீரொட்சைட்டு 35 வீதம் கலந்த காற்றை ஒருமுறை சுவாசிக்கக் கொடுத்தார்கள். மூன்று பேருமே மூச்சுத் திணறி, செத்துவிடுவோம் என்ற பீதியில் துடித்துப்போனார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு பாதை, உடம்புக்குள்ளிருந்து எழும் திணறலுக்கு வேறொரு பாதை இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. எதற்கும் அஞ்சாத ஆள் என்று பெயரெடுத்த ஒரு மனிதர் சன நெரிசலான பஸ்ஸில் திடீரென்று மூச்சு முட்டி, வேர்த்து, இறங்கி ஓடுவதை நம்ப முடியாமல் பார்க்கிறோமே, அங்கே இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மூளை தானே உண்டாக்கும் ஆனந்தமைடு என்ற பொருள் பயத்தைத் தணிக்கும், அதை உடைப்பது எஃப்ஏஏஎச் என்ற நொதியம். அந்த நொதியம் வேலை செய்வது மிகக் குறைந்த ஸ்கொட்லாந்துப் பெண் ஒருவரைப் பற்றி 2019இல் எழுதினார்கள். அவருக்கு வலியும் தெரிவதில்லை, பதற்றமும் அநேகமாக இல்லை. அதிர்ஷ்டம் என்று தோன்றும், ஆனால் கை சுடுவதையே வாசனை வந்த பிறகுதான் அறிந்துகொள்கிறார். பயமும் வலியும் எதற்காக நம்மிடம் இருக்கின்றன என்று வகுப்பில் யாராவது கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

குழந்தையிலேயே தெரிந்துவிடுமா?

ஓரளவுக்குத் தெரியும். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மையைக் காட்டி, புதிய சத்தத்தைக் கேட்க வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கையைக் காலை உதறி அழுதது. அப்படிப்பட்ட குழந்தைகள் வளரும்போது புது ஆட்களைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வயதில் அப்படி ஒதுங்கிய சிலரை இருபது வயது தாண்டிய பிறகு ஸ்கேன் செய்தபோது, புதிய முகங்களைக் கண்டால் அவர்களுடைய அமிக்டலா மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகக் கிளம்பியது. ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பதற்றக் கோளாறு வரவில்லை. சாய்வு மட்டும்தான் பிறப்பில் வருகிறது. கூச்சமுள்ள பிள்ளையை "வாயில்லாப் பூச்சி" என்று ஆட்கள் முன்னால் சொல்வதும், தமிழ்த்தினப் போட்டி மேடையில் கட்டாயப்படுத்தி ஏற்றுவதும் கூடாது. எந்த மேடையும் வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதும் சரியில்லை, பயப்படும் விஷயத்தைச் சிறுகச் சிறுகப் பழக்குவதுதான் அந்த மூளைக்குத் தேவை.

வளர்ப்பில் ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. கனடாவில் மைக்கேல் மீனியின் குழு எலிகளை வைத்துக் காட்டியது: குட்டிகளை அதிகம் நக்கிக் கொடுத்த தாய்களிடம் வளர்ந்தவை, பெரிதான பிறகும் பதற்றம் குறைந்தவையாக இருந்தன. தாயை மாற்றி வளர்த்தாலும் வளர்த்த தாயைப் பொறுத்துத்தான் குட்டியின் சுபாவம் அமைந்தது. கோர்ட்டிசோலை அடக்கும் வாங்கிக்கான பரம்பரையலகின் மேலேயே இரசாயன அடையாளங்கள் மாறியிருந்தன. எலியிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவக்கூடாது, இருந்தாலும் சின்ன வயதில் கிடைக்கும் அணைப்பும் அடியும் மூளையின் இரசாயனத்தில் தங்கும் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். குடித்துவிட்டு வந்து தட்டுமுட்டுச் சாமான்களை உடைக்கும் வீட்டில் வளரும் பிள்ளை வாசல் சத்தத்துக்கே திடுக்கிடுகிறது என்றால், அந்த மூளை தன் வேலையைச் சரியாகக் கற்றிருக்கிறது.

இரண்டு நாள் மழை பெய்தால் இரவில் தூக்கமில்லை. இதுவும் நோயா?

சரிவுக்குக் கீழே லயம் இருந்தால், நோய் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இந்த மலைகளில் யார் மறப்பார்? அந்த நினைவோடு மழைச் சத்தத்தைக் கேட்கும் மூளை விழித்திருப்பது உயிரைக் காக்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை உங்கள் பிரதேசத்துக்கு வந்திருந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காராதீர்கள், வெளியேறுங்கள். பாதுகாப்பான நிலத்தில் வீடு கொடுக்க வேண்டிய இடத்தில் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியாது. நுண்கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கும் இதே பதில்தான்.

வெயில் காலத்திலும், பாதுகாப்பான இடத்துக்குக் குடிபோன பிறகும் அதே பயம் மாதக்கணக்கில் தொடர்ந்து, வேலை, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் கெடுக்கிறது என்றால் அப்போது அது வேறு, உதவி தேடுங்கள்.

தேத்தண்ணி குடித்தால் பதற்றம் கூடுமா?

சிலருக்குக் கூடும். மூளையைச் சோர்வடையச் செய்யும் அடினோசின் என்ற பொருள் ஒட்டும் வாங்கியை கஃபீன் அடைத்துவிடுகிறது. அந்த வாங்கியின் பரம்பரையலகில் சில வடிவங்கள் உள்ளவர்களுக்குக் கஃபீன் எடுத்தால் பதற்றம் வருகிறது, மற்றவர்கள் நாலு கோப்பை குடித்துவிட்டும் தூங்குவார்கள். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் சாயம் கடுமையாக, நீண்ட நேரம் கொதிக்கவிட்டுக் குடிக்கிறோம், அதையும் வெறும் வயிற்றில். குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். இரண்டு வாரம் பின்னேரத் தேத்தண்ணியை விட்டுப் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை.

ஒரு கிளாஸ் சாராயம் போட்டால் நடுக்கம் நிற்கிறதே?

நிற்கும், அதுதான் ஆபத்து. சாராயமும் கசிப்பும் காபாவின் வேலையைக் கூட்டுகின்றன. தினமும் குடித்தால் மூளை தன் பங்குக்கு அதைக் குறைத்து, குளூட்டமேட்டைக் கூட்டிவிடும். காலையில் போதை இறங்கியதும் மிஞ்சுவது முன்பைவிடப் பெரிய பதற்றம். நீண்ட காலம் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், அதனால் வைத்திய உதவியோடு நிறுத்துங்கள்.

இது மாரடைப்பா, பதற்றமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இருந்து தெரிந்துகொள்ள முயல வேண்டாம். முதல் தடவை நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஈசீஜீ எடுத்து இதயம் நல்லது என்று சொன்ன பிறகு, அது பீதித் தாக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். தைரொயிட் அதிகமாகச் சுரப்பதும், இரத்தசோகையும், வீசிங்குக்கு அடிக்கும் சல்பியூட்டமோல் பம்பும் இதே படபடப்பைத் தரும். கொழுந்து பறிக்கும் பெண்களில் இரத்தசோகையை முதலில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. சேர்ட்ரலின், ஃபுளூஒக்செட்டின் போன்றவை செரட்டோனின் திரும்ப உள்ளிழுக்கப்படுவதைத் தடுக்கின்றன. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும், முதல் சில நாட்களில் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் எத்தனையோ பேர் நான்காம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். டயசிப்பாம் வகை உடனே கேட்கும், ஆனால் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், நீண்ட நாள் போட்டவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவது இந்த வகையில்தான் அதிகம் நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம். ப்ரோப்ரனலோல் கை நடுக்கத்தையும் நெஞ்சடிப்பையும் குறைக்கும், வீசிங் உள்ளவர்களுக்கு ஆபத்து, அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்திரை இல்லாமல் மூளையின் இரசாயனம் மாறுமா?

மாறும். பயப்படும் விஷயத்தைத் திட்டமிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் சிகிச்சைக்குப் பிறகு எடுத்த ஸ்கேன்களில் அமிக்டலா அமர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் "இங்கே ஆபத்தில்லை" என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு இறங்கும், பரீட்சை மண்டபத்தில் என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

கண்ணூறு, பேய் என்று நூல் கட்டுகிறார்கள். போகலாமா?

கோயிலுக்குப் போங்கள், நூலும் கட்டுங்கள், மனசுக்கு ஆறுதல் கிடைத்தால் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அடிக்கிறார், பட்டினி போடச் சொல்கிறார், கிளினிக் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, எங்கே போவது?

முதலில் தோட்ட ஆஸ்பத்திரியில் அல்லது பக்கத்து அரச ஆஸ்பத்திரி ஓபீடியில் சொல்லலாம். நுவரெலியா, பதுளை பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேச வேண்டும் என்று எடுத்தவுடனேயே சொல்லுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே அழையுங்கள்.

போகும்போது ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை தடவை வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது, தூக்கம் எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பைத் தேத்தண்ணி, குடிப்பழக்கம் உண்டா, வேறு என்ன மருந்து, குடும்பத்தில் யாருக்காவது தைரொயிட் அல்லது இதே மாதிரிப் பதற்றம் இருந்ததா, பெண்கள் என்றால் மாதவிடாய்த் திகதியும். கிளினிக்கில் சனம் அதிகம், டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், உங்களுக்கோ அந்த நேரம் பார்த்துப் பேச்சே வராது. அந்தத் தாளை நீட்டினால் போதும்.